பச்சைச் சீலை

கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம்.
நிந்தவூரில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான்.
மாமியின் முகத்தை நான் நேராகப் பார்த்தது ஒரே ஒருமுறை,
கரண்ட் பில்லுக்குப் பேர் மாற்றப் போனபோது,
அடையாள அட்டையின் போட்டோப் பிரதியில்.

ஜெஸீலா குவைத்துக்குப் போன நாலாம் கிழமை
கிணற்றடியில் வழுக்கி மாமியின் வலக்கை முறிந்தது.
இரண்டு நாள் கடைச்சோறு.
மூன்றாம் நாள் பிள்ளை பார்சலை அவிழ்க்கவேயில்லை.

குசினி வாசலில் பச்சைச் சீலை.
அங்கால் மாமி, பிளாஸ்டர் போட்ட கையோடு.
இங்கால் நானும் அரைக் கிலோ கீரிமீனும்.
இடையில் நுஸ்கா, ஏழு வயது,
முறுக்கைக் கடித்துக்கொண்டே தபால் சுமக்கிறாள்.

"மஞ்சள் கொஞ்சம் போடச் சொல்லு புள்ள."
கொஞ்சம் எவ்வளவு?
நான் மின்சாரசபையில் மீட்டர் வாசிக்கிறவன்,
ஐந்து இலக்கமும் சரியாக வேண்டும் எனக்கு.
கேள்வி போனது. பதில் வந்தது:
"கண்ணுக்குப் பட்டாக் காணும்."
யாருடைய கண்ணுக்கு என்று கேட்டனுப்பினேன்.
அதற்குத் தபால் இல்லை.

சீலை நிலத்தைத் தொடாது. ஒரு சாண் குறைவு.
அந்தச் சாணுக்குள் இரண்டு பாதம்,
வெடித்த குதிக்கால், நகத்தில் பழைய மருதோன்றி.
வெங்காயம் சிவக்குமுன் நான் புளியைத் தொட்டால்
வலது பெருவிரல் எழும்பும்.
எப்படித் தெரியும்? பார்க்கவேயில்லையே!
எண்ணெய் போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று
பிறகொரு நாள் பிடிபட்டது.
விரல் எழும்பினால், பொறு.
விரல் படுத்தால், போடு.
இரண்டு பாதமும் ஒன்றாகத் திரும்பினால்
ஆணம் கெட்டுவிட்டது, இனி ஆண்டவன் விட்ட வழி.

போன வருஷம் ஜெஸீலா அனுப்பிய அவணுக்குள்
இதுவரை வெந்தது ஒன்றுமில்லை, வெங்காயம்தான் குடியிருந்தது.
நுஸ்காவின் பிறந்தநாளுக்கு ரவைக் கேக் என்று நான் சொல்ல
பாதங்கள் கொஞ்சநேரம் அசையவில்லை.
பிறகு, "மேல தணல், கீழ தணல்.
எரியக்கூடாது, கோவிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கணும்."
கோபத்தின் இலக்கத்தை நான் திருகியில் தேடினேன்.
நூற்றெழுபதில் வைத்தேன்.
கேக் நடுவில் குழி விழுந்தது.
குழி விழுந்த துண்டைத் தனக்கென்று கேட்டனுப்பினா மாமி.

அந்தப் புதன்கிழமை நுஸ்கா மத்ரஸாவுக்குப் போயிருந்தாள்.
தபால் இல்லாத குசினியில்
மாமி பூனையோடு பேசினா:
"பூனே, முதப்பால விட்டா கொதிக்க விடப்படாது, தெரியுமா?"
பூனைக்குத் தெரியும் போல. மீன் தலையை நக்கியது.
நானும் தலையாட்டினேன், இருவருக்கும் தெரியாமல்.
அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன்.
கட்டையாறு வீதி, இலக்கம் பதினாலு,
மீட்டர் ஓடுதா ஓடல்லையா என்று ஒரு விசாரணை.
நான் முற்றத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மனே! பால் திரையுது, அடுப்பக் குறை!"

ஓடி வந்தேன்.
சீலையைத் தள்ளிக்கொண்டு வெள்ளைப் பிளாஸ்டர் கை
அடுப்பின் திருகிக்கு எட்டாமல் காற்றில் நின்றது.
நான் குறைத்தேன்.
கை உள்ளே போனது.
சீலை இரண்டுதரம் ஆடி நின்றது.

பதினொரு வருஷத்தில் எனக்கு நேராக வந்த முதல் சொல்லை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
அகப்பையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.
அங்காலிருந்து கொஞ்சம் செருமி,
"பூனைக்குத்தான் சொன்ன."
"சரி" என்றேன், பூனைக்காக.

அன்றிரவு குவைத்திலிருந்து ஜெஸீலா கேட்டாள்:
என்ன ஆணம்? யார் காய்ச்சின?
பாலாணம், கொஞ்சம் திரைஞ்சது என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.

அடுத்த நாளும் உப்பு, கொறுக்காய், தீயின் அளவு
எல்லாம் பூனைக்குத்தான்.
பூனை காலையிலேயே கடற்கரைக்குப் போயிருந்தது.